ஒட்டாத கடிதம்

பெண்கள் விடுதி, சிவகாசி
6-7-58, ஞாயிறு

மிகவும் பிரியமுள்ள அக்கா அவர்களுக்கு,

ஞானஜோதி வணக்கத்துடன் எழுதுவது. தேவ கிருபையால் இங்கு நான் சுகம். மதுரையில் தாங்களும் சுகமாக இருந்து, ஆஸ்பத்திரி வேலையைக் குறைவில்லாமல் செய்துவர ஜெபிக்கிறேன்.

நான் நாலாம் பாரத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. விடுதியில் சாப்பாடு மிகவும் நன்றாக இருக்கிறது. மேட்ரன் செல்வமணி அம்மாள் எங்களைப் பெற்ற பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த வருஷம் விடுதியில் மணி அடிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆமத்தூரிலிருந்து அப்பா கார்டு போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். கணக்கில் முப்பத்தெட்டுதான் வாங்கினேன். இனிமேல் கவனமாகப் படிப்பேன். வேறு விசேஷம் இல்லை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
ஞானஜோதி


13-7-58

அக்கா,

சுகமா? இது மேட்ரன் கண்ணில் படாமல் வருகிற கடிதம். அதனால்தான் இதில் "தாங்கள்" இல்லை.

நீ இங்கே படித்தபோது இருந்த வழக்கம் எதுவும் மாறவில்லை. ஞாயிறு மதியம் எல்லோரும் கடிதம் எழுதி, ஒட்டாமல் மேட்ரன் மேஜையில் அடுக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொன்றாகப் படித்து, மூலையில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, பிறகுதான் ஒட்டுவார்கள். வருகிற கடிதமும் அப்படித்தான். பிரித்துப் படித்துவிட்டுத்தான் எங்கள் கையில் தருவார்கள்.

சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று எழுதினேனே, அது பச்சைப் பொய். அரிசி முழுக்கப் புழு. என் பக்கத்தில் சாப்பிடுகிற பெண் ஜூன் மாதத்தில் புழுவைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பாள். இப்போது அதற்கெல்லாம் அவளுக்குப் பொறுமை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடுகிறாள்.

இந்தக் கடிதம் எப்படி வந்தது என்று யோசிப்பாய். என் வகுப்பில் வள்ளித்தாய் என்று ஒரு பெண். திருத்தங்கலில் அத்தை வீட்டிலிருந்து தினமும் நடந்து வருகிறாள். பள்ளி திறந்த முதல் நாளே என்னிடம் வந்து, "நீ மதுரை தேவமணி அக்கா தங்கச்சிதான? அதே மூக்கு" என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எம். புதுப்பட்டியில் ஒரு வெடிக் கம்பெனி ஷெட்டு தீப்பிடித்து, அய்யம்மாள் என்று ஓர் அம்மாவை உன் வார்டுக்குக் கொண்டுவந்தார்களாமே. மூன்று நாள் இருந்து இறந்துபோனார்களாமே. அந்த அம்மாவின் மகள் இவள். அந்த மூன்று நாளும் நீ உன் சாப்பாட்டை அவளுக்குக் கொடுத்தாயாம், உன் போர்வையைப் போர்த்திவிட்டாயாம். "அக்காவுக்குன்னா எம்புட்டு லெட்டர் வேணாலும் கொண்டுபோய்ப் போடுறேன்" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் அத்தையும் அவளும் தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறார்கள். இந்தக் கவரையும் அந்தப் பசையால்தான் ஒட்டப்போகிறாள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை. காய்ந்தால் நீலமாக ஒரு கோடு தெரியும், பார்.

நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு. அதற்கு ஒரு கால் குட்டை. யார் உட்கார்ந்தாலும் டக்கென்று தரையில் தட்டும். டக்குப் பெஞ்சு என்றே பேராகிவிட்டது. இந்தப் பள்ளியில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் அது ஒன்றுதான்.

பதிலை விடுதிக்குப் போடாதே. பஞ்சம்மாள், பெருமாள் கோயில் மேலத் தெரு, திருத்தங்கல். இந்த விலாசத்துக்குப் போட்டால் வள்ளித்தாய் கொண்டுவந்து தருவாள்.

உன்
ஜோதி


(உறையின் மேல்: ஞானஜோதி, நாலாம் பாரம், பெண்கள் விடுதி, சிவகாசி)

மதுரை
23-7-58

என் செல்ல ஜோதிக்கு,

அக்கா முத்தங்களுடன் எழுதுவது. நான் சுகம். இந்த வாரம் முழுக்க இரவு டியூட்டி. விடிந்து வந்து, காப்பி குடித்த கையோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கத்தைத் திட்டு, என்னைத் திட்டாதே.

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தில் சாப்பாட்டை நீ புகழ்ந்ததைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம்தான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன், அந்தக் கதை. செல்வமணி அம்மாள் என் காலத்திலேயே அரிசியைவிடப் புழுவைப் பதமாக வேகவைப்பார்கள். அந்தப் புழுவைத் தின்றுதான் நான் இவ்வளவு உயரம் வளர்ந்தேன். ஆனாலும் ஒன்று, அவர்கள் நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்திராவிட்டால் எனக்கு நர்ஸ் டிரெய்னிங் கிடைத்திருக்காது. அதையும் மறக்கக் கூடாது.

வள்ளித்தாயை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழேயே படுத்திருந்தாள். யாராவது கதவைச் சாத்தினால்கூட இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்வாள். அவளுக்கு என் அன்பைச் சொல். அவளை விட்டுவிடாதே. உன்னைவிட அவளுக்குத்தான் ஒரு துணை வேண்டும்.

கண் சொருகுகிறது. பசை நீலமாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா,
தேவமணி


பெண்கள் விடுதி, சிவகாசி
10-8-58, ஞாயிறு

அக்கா அவர்களுக்கு வணக்கம்.

இங்கு நான் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும். ஒரு மாதமாகத் தங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

விடுதி விதியை மீறி நான் ஒரு கடிதம் அனுப்பியது தவறு என்று மேட்ரன் அம்மா எனக்கு உணர்த்தினார்கள். ஒரு மாதத்துக்குச் சனிக்கிழமை வெளியே போகக் கூடாது. மணி அடிக்கும் பொறுப்பும் என்னிடம் இல்லை. எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "அரிசியில புழுவாமே? யாருக்கு லெட்டர் எழுதின?" என்று கேட்டார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எனக்குக் கண்ணு நாலு" என்றார்கள்.

அந்தக் கடிதத்தைப் பற்றி மூன்று பேருக்குத்தான் தெரியும். நான், தாங்கள், அந்தப் பெண். தாங்கள் மதுரையில் இருக்கிறீர்கள். நான் சொல்லவில்லை. மிச்சம் யார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இனி அந்தப் பெண்ணின் பேரை என் கடிதத்தில் எழுத மாட்டேன். காய் விட்டாயிற்று. பெஞ்சும் மாறிவிட்டேன்.

தங்கள்
ஞானஜோதி


மதுரை
25-8-58

அன்பு ஜோதிக்கு,

இங்கே நான் சுகம். உன் சுகத்துக்கும் அம்மா அப்பா சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். நான் பதில் போட்டேன் அம்மா. தபாலில் எங்கேயாவது தங்கியிருக்கும். சில சமயம் அப்படி ஆகிவிடுகிறது.

வள்ளித்தாய் உன்னைக் காட்டிக்கொடுத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தீர விசாரிக்காமல் ஒருத்தியை ஒதுக்காதே. அவளோடு பேசிப் பார். விடுதிக்கு விதி என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் கீழ்ப்படிய வேண்டும். இப்போது நன்றாகப் படி. "தாங்கள்" என்று எழுதாதே, கலெக்டருக்கு மனுப் போடுவதுபோல் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைக்கு நேரமில்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்கா


பெண்கள் விடுதி, சிவகாசி
14-9-58, ஞாயிறு

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நான் சுகம். கால் பரீட்சை நெருங்குகிறது.

வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பில் ஒரு சண்டை. பத்திரகாளி என்று ஒரு பெண் படிக்கிறாள். அவள் அப்பா கனகசபாபதி முதலாளி, சொந்தமாக வெடிக் கம்பெனி வைத்திருக்கிறார். சீசனுக்குப் புது லேபிள் போட்டிருக்கிறார்கள் என்று, போன வாரம் பத்திரகாளி வகுப்பில் ஆளுக்கு ஒரு பெட்டி பொட்டு வெடி கொடுத்தாள். கல்லால் தட்டினால் வெடிக்குமே, அந்தச் சிவப்புப் பொட்டு. பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்று டீச்சர் எச்சரித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் மணிக்கு, டக்குப் பெஞ்சில் ஒரு பெண் உட்காரும்போது சத்தம் கேட்டது. பத்திரகாளி பின் பெஞ்சிலிருந்து சிரித்தாள். வேறு சிலரும் சிரித்தார்கள். உடனே அந்தப் பெண் எழுந்து, ஜாமெட்ரி பெட்டியால் பத்திரகாளியின் முகத்தில் அடித்துவிட்டாள். புருவம் கிழிந்து யூனிபாரம் எல்லாம் ரத்தம். நான்கு தையல். மறுபடியும் அடிக்கப் போனவளை மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள்.

முதலாளி வந்து தலைமையாசிரியை அம்மாவிடம் சத்தம் போட்டார். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்டோபர் ஆறாம் தேதி கமிட்டி கூடி டி.சி. கொடுப்பார்களாம். பத்திரகாளி, "நான் வெடி வைக்கல, நான் சிரிக்கத்தான் செஞ்சேன்" என்று பைபிள்மேல் கை வைத்துச் சொல்கிறாள். அவள் வீட்டார் பத்திரகாளியம்மனைக் கும்பிடுகிறவர்கள், இருந்தாலும் சொல்கிறாள். ஒருத்தியும் நம்பவில்லை.

காட்டிக்கொடுக்கிற குணம் உள்ளவர்களுக்கு இப்படித்தான் முடியும் என்று நினைக்கிறேன்.

ஞானஜோதி


மதுரை
22-9-58

ஜோதி,

நான் சுகமாக இல்லை. உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை மேட்ரன் அம்மாவும் படிப்பார்கள். படிக்கட்டும்.

உன்னைக் காட்டிக்கொடுத்தது வள்ளித்தாய் இல்லை. நான்தான்.

திருத்தங்கல் விலாசத்துக்குப் பதில் போடு என்று நீ தெளிவாக எழுதியிருந்தாய். இரவெல்லாம் முழித்துவிட்டு வந்து, தூக்கக் கலக்கத்தில் பழக்க தோஷத்தில் விடுதி விலாசத்தை எழுதி, நேரே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டேன். அதில் புழுவைப் பற்றி எழுதியிருந்தேன், மேட்ரன் அம்மாவைக் கேலி செய்திருந்தேன். அதே விடுதியில் ஐந்து வருஷம் இருந்தவள் நான். கடிதத்தைப் பிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

பதில் வரவில்லை என்று ஆகஸ்டில் நீ எழுதினதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. தபாலில் தங்கியிருக்கும் என்று பூசி மெழுகினேன். எனக்கு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தவர்களையே கேலி செய்து மாட்டிக்கொண்டோமே என்று வெட்கம். தங்கை முன்னால் முட்டாளாக நிற்கவும் வெட்கம். உண்மையைச் சொல்ல ஒரு கார்டு போதும், அதைக்கூட நான் போடவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ அவளோடு காய் விட்டிருக்க மாட்டாய். அதற்குப் பிறகு நடந்ததும் நடந்திருக்காது என்று என் மனசு சொல்கிறது.

வள்ளித்தாய் ஒட்டிய உன் ஜூலைக் கடிதம் என் கைக்கு ஒட்டுப் பிரியாமல்தான் வந்தது. நீலக் கோடு அப்படியே இருந்தது. கவரை எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். "சத்தம் கேட்டது" என்று எழுதியிருக்கிறாய். பெஞ்சுக் காலுக்கு அடியில் பொட்டு வெடி தானாக வந்து உட்காராது. அந்தப் பெஞ்சின் எந்தக் கால் குட்டை என்று அதில் உட்கார்ந்தவளைத் தவிர யாருக்குத் தெரியும்? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை. ஆனால் பதில் எழுது.

உன் அக்கா


பெண்கள் விடுதி, சிவகாசி
28-9-58, ஞாயிறு

அக்கா அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு சுகம். கால் பரீட்சை எழுதினேன்.

வள்ளித்தாய் பள்ளிக்கு வருவதில்லை. எம். புதுப்பட்டி கம்பெனியிலிருந்து ஆள் வந்து அவள் அத்தையிடம் பேசினார்களாம். சீசனுக்கு லோடு நிறைய ஏற்ற வேண்டுமாம், ஆள் பற்றவில்லையாம். டி.சி. கொடுத்ததும் வேலைக்கு வந்துவிடலாம், அய்யம்மாள் பார்த்த வேலையையே தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். திருத்தங்கலிலிருந்து வருகிற பெண்கள் சொன்னார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

ஞானஜோதி


பெண்கள் விடுதி, சிவகாசி
5-10-58, ஞாயிறு

அக்கா,

போன ஞாயிறு உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். நாலாவது தாளில் வேறு விசேஷம் இல்லை என்று எழுதினேன்.

வெடியை வைத்தது நான்.

பத்திரகாளி கொடுத்த பெட்டியில் ஏழெட்டுப் பொட்டை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குட்டைக் காலுக்கு நேரே தரையில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். மணி அடிப்பதற்கு முன்னால், வகுப்பில் யாரும் இல்லாதபோது. பழைய பெஞ்சுத் தோழி நான், எனக்குத்தானே அளவு தெரியும்.

அதற்கு முன்பே ஒரு மாதமாக நான் செய்தது சொல்ல முடியாதது. அவள் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று விடுதிப் பெண்களிடம் சொன்னேன். "கோள்மூட்டி" என்று அவள் நோட்டில் எழுதி வைத்தேன். குழாயடியில் அவள் தண்ணீர் பிடிக்க வந்தால் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். ஒருநாள் என் கையைப் பிடித்து, "நான் என்ன செஞ்சேன்னாவது சொல்லுட்டி" என்று கேட்டாள். கையை உதறி, அவள் சடையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். அவள் திருப்பி அடிக்கவில்லை. "நீ தேவமணி அக்கா தங்கச்சி, அதான் விடுறேன்" என்றாள். அது என் ஆத்திரத்தை இன்னும் கிளறிவிட்டது. செய்கிற துரோகத்தையும் செய்துவிட்டு உன் பேரை வேறு சொல்கிறாளே என்று.

சத்தத்துக்கு அவள் பயப்படுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் அம்மா விஷயமும் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். அதை நான் யாரிடமும் மறைக்க முடியாது.

சத்தம் வந்ததும் என்ன நடந்தது என்று உனக்கு எழுதாமல் விட்டேன். அவள் உடனே எழுந்து அடிக்கவில்லை. பெஞ்சுக்குக் கீழே போய்விட்டாள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "எம்மா, வெளிய வந்துரு, வெளிய வந்துரு" என்று கத்தினாள். அப்போதுதான் எல்லோரும் சிரித்தது. பத்திரகாளிக்கு அவள் அம்மாவைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள். தெரிந்தவள் நான் ஒருத்தி. ஓடிப்போய் அவளைப் பிடித்து வெளியே இழுத்திருக்கலாம். நான் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அவள் எதுவுமே செய்யவில்லை அக்கா. என் கடிதத்தைத் திருத்தங்கல் வரை சுமந்துகொண்டுபோய்ப் போட்டதுதான் அவள் செய்தது.

நேற்றுத் தலைமையாசிரியை அம்மா பிரேயரில் சொன்னார்கள். வெடி வைத்தது யார் என்று தெரிந்தால் வள்ளித்தாய் அடித்ததற்கும் ஒரு காரணம் இருந்ததாக ஆகும், தெரியாதவரை அடித்தவளுக்குத்தான் தண்டனை, திங்கட்கிழமை கமிட்டி என்று. எழுந்திருக்க நினைத்தேன். நூற்றிருபது பேர் முன்னால் என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

மத்தியானம் ஒரு யோசனை வந்தது. திருத்தங்கல் பெண் ஒருத்தியிடம் கொடுத்தால் இந்தக் கடிதமும் யாருக்கும் தெரியாமல் உன்னிடம் வந்துவிடும். நீ என்னை மன்னித்துவிடுவாய். என் மனசும் லேசாகிவிடும். வள்ளித்தாய் மட்டும் வெடிக் கம்பெனிக்குப் போவாள்.

அதனால் இதை மேட்ரன் அம்மா மேஜையில் வைக்கப் போகிறேன். அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே. ஒட்டவில்லை.

உன்
ஜோதி


பெண்கள் விடுதி, சிவகாசி
9-10-58

செல்வி தேவமணிக்கு,

செல்வமணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ சுகமென்று நம்புகிறேன். எனக்கு ரத்த அழுத்தம் சற்று அதிகம், மற்றபடி சுகம்.

இத்துடன் உன் தங்கையின் கடிதம் இருக்கிறது. இதில் நான் பச்சை மையில் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிறு மாலை படித்தேன். படித்த கையோடு தலைமையாசிரியையின் வீட்டுக்கு நடந்தேன். ஞானஜோதியையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கே போய்த் தன் வாயாலும் சொன்னாள்.

வள்ளித்தாய்க்கு டி.சி. இல்லை. அடித்ததற்கு மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மகளே அவரிடம், "எனக்குத் தையல் பெருசில்லப்பா, நான் வைக்கலன்னு தெரிஞ்சா போதும்" என்று சொன்ன பிறகு தணிந்தார். உன் தங்கைக்கு மூன்று வாரம் பள்ளி கிடையாது. அப்பா மாணிக்கராஜ் வந்து ஆமத்தூருக்குக் கூட்டிப்போனார். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் குடித்துவிட்டாள் என்பதையும் நான் எழுத வேண்டும்.

இனி என் பங்கு. உன் ஜூலைக் கடிதத்தைப் பிரித்தவள் நான். அவளிடம் கொடுக்காமல் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, எனக்குக் கண் நாலு என்றேன். எல்லாம் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்வதில் மேட்ரன்களுக்கு ஒரு பெருமை உண்டு. "உன் அக்கா கடிதத்தில் பார்த்தேன்" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குள் சண்டையே வந்திராது. உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு உறைத்தது. அப்போதும் பேசாமல் இருந்துவிட்டேன். பதினான்கு வயதுப் பிள்ளை எழுதிவைத்த பிறகுதான் எனக்கு எழுத வருகிறது.

ஜூலைக் கடிதத்தை ஞானஜோதியிடம் கொடுத்துவிட்டேன். வள்ளித்தாய் வீட்டுக்கும் நேரே போய்ச் சொன்னேன். அந்தப் பெண் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "அந்த அக்கா லெட்டர்ல என்னைப் பத்தி என்ன எழுதியிருந்தாக?" என்று மட்டும் கேட்டாள். அவளைப் பற்றி எழுதியிருந்த நாலு வரியையும் சொன்னேன்.

அரிசி மூட்டையை மாற்றச் சொல்லிவிட்டேன். புழு உண்மைதான்.

உன் நலம் நாடும்,
செல்வமணி


பெண்கள் விடுதி, சிவகாசி
2-11-58, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நான் சுகம். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தேன். அப்பா மூன்று வாரமும் என்னோடு பேசவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது மட்டும், "அந்தப் பிள்ளைக்குக் குடு" என்று ஒரு பொட்டலம் முறுக்கைக் கையில் வைத்தார்கள். அம்மா சுட்டது.

முதலில் பத்திரகாளியிடம் போனேன். புருவத்தில் தழும்பு தெரிகிறது. மன்னிப்புக் கேட்டேன். "நீ வச்ச வெடிக்கு எம்புட்டுப் பேச்சு வாங்கினேன் தெரியுமா? குனி" என்றாள். குனிந்தேன். அட்லஸ் புத்தகத்தால் நடு மண்டையில் ஒன்று போட்டாள். நல்ல அடி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத்தோட சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வள்ளித்தாயிடம் அப்படி முடியவில்லை. காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அழுதேன். அவள் கூடு ஒட்டி நீலம் ஏறின விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டினால்கூடத் தேவலை. முறுக்கை நீட்டினேன், வாங்கவில்லை. பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். சாயந்தரம் பார்த்தால் பொட்டலம் காலியாக இருந்தது. அவள்தான் தின்றாளா, வேறு யாரும் தின்றார்களா தெரியவில்லை.

எனக்கு எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் வெள்ளிக்கிழமை முழுக்கச் சுவரோரம் நின்றேன்.

இன்றைக்கு வள்ளித்தாய், மேட்ரன் அம்மா வாங்கிவரச் சொன்ன பூவைக் கொடுக்க விடுதிக்கு வந்திருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே வந்து நின்று கையை நீட்டுகிறாள். கடிதத்தைக் கேட்கிறாள் என்று நினைக்கிறேன். கொடுக்கிறேன்.

*

அக்காவுக்கு வள்ளித்தாய் எழுதுறது. நான் சுகம். நீங்க சுகமா இருக்கீகளா? ராத்திரி டியூட்டி பாத்துட்டுத் தூங்காம லெட்டர் எழுதாதீக.

மேல இவ எழுதினதெல்லாம் படிச்சேன். முறுக்கு நான்தான் தின்னேன். இவகிட்டச் சொல்ல வேண்டாம்.

உங்க போர்வை எங்க அத்தை வீட்டுலதான் இருக்கு. குளிருக்குப் போத்திக்கிடுவேன்.

இவகூட நான் இன்னும் பேசல. எப்பப் பேசுவேன்னும் தெரியல. பெஞ்சுக் காலுக்கு அடியில தீப்பெட்டிக் கூட்டை மடிச்சுப் பசை போட்டு ஒட்டிட்டேன், இப்ப தட்டல. நாளைக்குக் காலைல பாதிப் பெஞ்சு தள்ளி உக்காருவேன். வந்தா வரட்டும்.